தலைக்கு மேலே ஒரு பொடி எண்

கணக்குப் புத்தகத்தில் அடுக்குகள் பாடத்தைத் திறந்தால் ஒரு கட்டத்துக்குள் விதிகள் வரிசையாக நிற்கும். அடிமானம் ஒன்றாக இருந்தால், பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டு. வகுக்கும்போது கழி. அடுக்கு பூஜ்ஜியமானால் விடை ஒன்று. அடுக்கு குறை எண்ணானால் தலைகீழாகப் போடு. ஏன் என்று கேட்கிற பிள்ளைக்கு, “பரீட்சைக்கு வரும், எழுதிக்கோ” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கிற நிரூபணம். யாரோ ஒரு மகான் காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஒரே மூச்சில் நாலு விதியையும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போன மாதிரி இருக்கும் அந்தக் கட்டம்.

நடந்தது வேறு. எண்ணின் வலது தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிற அந்தப் பொடி எண்ணை அங்கே ஏற்றிவைக்க ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஒரு பாதிரியார் உலகம் அழியும் தேதியைச் சொல்லி மாட்டிக்கொண்டார். ஒரு மருத்துவர் கடனுக்காகச் சிறைக்குப் போய் அங்கேயே செத்தார். ஒருவருடைய கையெழுத்துப் பிரதியை இன்னொருவர் உருவினார். எல்லோரும் அறிவாளிகள்; அதுதான் கோளாறே. பெரிய எண்ணைப் பார்த்ததும் அறிவாளிக்கு முதலில் தோன்றுவது, இதற்கு ஒரு பெயர் வைக்கவேண்டும் என்பது. எத்தனை தடவை பெருக்கினோம் என்று விரல்விட்டு எண்ணினால் போதுமே என்பது கடைசியாகத்தான் தோன்றும்.

முதல் ஆள் ஆர்க்கிமிடீஸ். குளியல்தொட்டியிலிருந்து துணியில்லாமல் ஓடிய கதையைத்தான் பள்ளிக்கூடங்கள் அவரைப்பற்றிச் சொல்கின்றன. அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரம், கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. அரசர் ஹீரோன், அவரோடு சேர்ந்து பட்டம் கட்டிக்கொண்ட மகன் கெலோன். அந்த மகனுக்கு ஆர்க்கிமிடீஸ் ஒரு கடிதம் எழுதினார். ‘மணல் கணக்கன்’ என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது. சாரம் இதுதான்: மணலை எண்ணமுடியாது என்கிறார்களே, சிராக்கூஸ் மணலை விடுங்கள், சிசிலி மணலை விடுங்கள், பிரபஞ்சம் முழுக்க மணலைக் கொட்டி நிரப்பினால் எத்தனை மணி பிடிக்கும் என்று நான் சொல்கிறேன். ரோமும் கார்த்தேஜும் வாசலிலேயே அடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு அரசனுக்கு இதைவிட அவசரமான தகவல் வேறென்ன இருக்கமுடியும்?

சொல்லவந்தவருக்கு ஒரு சங்கடம். அவருடைய மொழியில் எழுத்துகளே எண்கள். ஆல்பா 1, பீட்டா 2 என்று 27 எழுத்துகளைச் செலவழித்தால் 900 வரை வரும். ஓரத்தில் ஒரு கீற்றுப் போட்டால் ஆயிரங்கள். பெயருள்ள எண்களில் மிகப் பெரியது மிரியட், அதாவது 10,000. அதோடு அகராதி முடிந்தது. பிரபஞ்சத்தை அளக்கக் கிளம்பியவர் கையில் பத்தாயிரம்வரைதான் சில்லறை.

சரி என்று மிரியடை மிரியடால் பெருக்கினார். 10⁸, பத்துக் கோடி. அதுவரைக்கும் முதல் வகுப்பு. அந்தப் பத்துக் கோடியையே ஓர் அலகாக வைத்து மறுபடி பத்துக் கோடி தடவை போனால் இரண்டாம் வகுப்பு, 10¹⁶ வரை. மூன்றாம் வகுப்பு 10²⁴ வரை. இப்படியே போய், பிரபஞ்சத்து மணல் முழுவதையும் எட்டாம் வகுப்பில் கொண்டு அடைத்தார். இன்று நாம் எழுதுகிறபடி, 10⁶³-க்கு மேல் போகாது. அடுக்குகள் பாடம் நம் ஊரிலும் எட்டாம் வகுப்பில் வருவது தற்செயல்தான்.

கணக்கில் கஞ்சத்தனமே இல்லை. ஒரு கசகசாவுக்குள் பத்தாயிரம் மணல் மணி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டார். அவ்வளவு பொடியான மணலைப் புழுதி என்றுதான் சொல்லவேண்டும். பூமியின் சுற்றளவைப் பிறர் சொன்னதைப்போல் பத்து மடங்காக்கினார். பிறர் சொன்ன பிரபஞ்சங்களில் எது பெரியது என்று பார்த்து, சூரியனைச் சுற்றிப் பூமி ஓடுகிறது என்று சொன்ன அரிஸ்டார்க்கஸின் பிரபஞ்சத்தை எடுத்துக்கொண்டார். அரிஸ்டார்க்கஸ் எழுதிய அந்தப் புத்தகம் தொலைந்துபோயிற்று. கோபர்நிக்கஸுக்கு ஆயிரத்தெழுநூறு வருஷம் முன்பே ஒருவர் அப்படிச் சொன்னார் என்பதை உலகம் முக்கியமாகத் தெரிந்துகொண்டது இந்த மணல் கடிதத்தின் மூலம்தான். மணலை எண்ணப் போனவர் சூரிய மண்டலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

எட்டாம் வகுப்போடு நிறுத்தியிருக்கலாம். அவர் வகுப்புகளைப் பத்துக் கோடிவரை ஏற்றி, அதை ஒரு காலம் என்று வைத்து, காலங்களையும் பத்துக் கோடிவரை ஏற்றினார். கடைசியில் வந்த எண்ணை எழுதவேண்டுமானால், ஒன்றைப் போட்டு அதன் பின்னால் எண்பதாயிரம் லட்சம் கோடி பூஜ்ஜியம் போடவேண்டும். அவரிடம் ஒரு பூஜ்ஜியம்கூடக் கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில், போகிற போக்கில், நம் பாடப்புத்தகத்தின் முதல் விதியையும் சொல்லிவிட்டார். ஒன்றில் தொடங்கி ஒரே மடங்காகப் பெருகும் வரிசையில் எந்த இரண்டைப் பெருக்கினாலும், விடை அதே வரிசையில் எத்தனையாவது இடத்தில் இருக்கும் என்று இடங்களைக் கூட்டியே கண்டுபிடிக்கலாம். ஒரே ஒரு சிக்கல். அவர் ஒன்று என்ற எண்ணை முதலாம் இடம் என்று எண்ணினார். அதனால் கூட்டிய பிறகு ஒவ்வொரு தடவையும் ஒன்றைக் கழிக்கவேண்டியிருந்தது. 4 மூன்றாமிடம், 8 நாலாமிடம், கூட்டினால் ஏழு, 32 இருப்பதோ ஆறாமிடம். அந்த ஒன்றை ‘பூஜ்ஜியமாவது இடம்’ என்று சொல்லியிருந்தால் கழித்தலே தேவையில்லை. 2⁰ = 1 என்பது அப்போதே பிறந்திருக்கும். பிரபஞ்சத்தை நிரப்பியவருக்கு இந்த ஒரு காலியிடம் கண்ணில் படவில்லை.

கி.மு. 212-ல் ரோமானியப் படை நகரைப் பிடித்தபோது ஒரு சிப்பாய் அவரைக் கொன்றான். கெலோன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். விதியைக் கையில் எடுத்துக்கொள்ள ஆளில்லை.

நம் பக்கத்து ஆட்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை; ஆனால் இங்கேயும் பெயர் வைக்கிற வியாதிதான். லலிதவிஸ்தரம் என்ற பௌத்த நூலில் சித்தார்த்தனுக்குப் பெண் பார்க்கிறார்கள். பெண்ணின் அப்பா தண்டபாணி, மாப்பிள்ளைக்குக் கைத்தொழில் என்ன தெரியும் என்று கேட்கிறார். சொந்த வீடு, நிரந்தர வேலை என்று கேட்கிற நம் மாமனார்கள் எவ்வளவோ தேவலை. வில், மல்யுத்தத்தோடு கணக்குப் பரீட்சையும் உண்டு. அர்ஜுனன் என்ற கணித வித்தகர் கேட்கிறார், கோடிக்கு மேலே நூறு நூறாகப் பெருக்கிப் பெயர் சொல்லத் தெரியுமா? மாப்பிள்ளை மூச்சுவிடாமல் தல்லக்ஷணம்வரை அடுக்குகிறார். அது 10⁵³. அங்கேயும் நிறுத்தாமல் அதற்கு மேலும் அடுக்குகள் சொல்லிக்கொண்டே போகிறார். பெண் கிடைத்தது. பிற்பாடு அத்தனையையும் துறந்து கிளம்பியவர் இந்தப் பட்டியலையும் சேர்த்துத்தான் துறந்திருக்கவேண்டும்.

பெயர் வைக்காமல் எண்ணியவர்கள் சமணர்கள். மனிதர்கள் மொத்தம் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அனுயோகத்வார சூத்திரம் சொல்கிற பதில், தொண்ணூற்றாறு தடவை இரண்டால் வகுபடக்கூடிய எண். அதாவது 2⁹⁶. எழுதிப் பார்த்தால் 29 இலக்கம். மக்கள்தொகைக் கணக்காக எடுத்துக்கொண்டால் ரேஷன் கார்டு போட்டு மாளாது. கணிதமாகப் பார்த்தால் தங்கம். எண்ணைச் சொல்லாமல், எத்தனை தடவை பாதியாக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் வீரசேனர் எழுதிய தவளா உரையில் இதற்கு அர்த்தச்சேதம் என்று பெயரும் விதிகளும் உண்டு. ஓலைச்சுவடிகள் கர்நாடகத்து மூடபித்ரியில் பத்திரமாக இருந்தன. பத்திரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அச்சில் வரத் தொடங்கியது 1939-ல்.

தமிழ்க் கணக்கர்கள் இறங்குமுகமாகப் போனார்கள். 320-ல் ஒரு பங்கு முந்திரி. அந்த முந்திரியையே மறுபடி 320 பங்காக்கினால் கீழ்முந்திரி, 1,02,400-ல் ஒன்று. அடிமானம் 320, அடுக்கு குறை இரண்டு. எழுதத்தான் வழியில்லை, ‘கீழ்’ என்று ஒரு சொல்லை ஒட்டிச் சமாளித்தார்கள்.

இப்போது ஃபிரான்ஸ், லியோன் நகரம், 1484. நிக்கோலா ஷூக்கே என்று ஒருவர். பாரிஸ்காரர், மருத்துவப் பட்டதாரி. லியோன் வரிப்பதிவேட்டில் முதலில் எழுத்துக்காரர் என்றும் பிறகு கணக்கர் என்றும் இருக்கிறது. வைத்தியம் ஓடவில்லை போல. இவர் எழுதிய புத்தகத்தில் 1, 2, 4, 8, 16 என்று ஒரு வரிசை. அதற்கு நேராக 0, 1, 2, 3, 4. அவ்வளவுதான். ஆர்க்கிமிடீஸ் கழித்துக் கழித்து அவதிப்பட்ட இடத்தில் இந்த மனிதர் அலட்டிக்கொள்ளாமல் ஒரு பூஜ்ஜியத்தைப் போட்டார். அடுக்கைத் தோளுக்கு மேலே பொடியாகவே எழுதினார். குறை அடுக்கும் எழுதினார். 8-இன் தலையில் 3, 7-இன் தலையில் குறை 1; இரண்டையும் பெருக்கினால் 56-இன் தலையில் 2 என்று போட்டிருக்கிறார். தெரியாத எண்ணுக்கு எழுத்துக்கூடப் போடாமல் அதன் அடுக்கை மட்டும் தூக்கிவைத்திருக்கிறார் என்று தெரிந்தால், இது இன்றைய பாடம் என்பது புரியும்.

அதே புத்தகத்தில் இவரும் வியாதிக்குத் தப்பவில்லை. மில்லியனுக்கு மேலே ஆறாறு இலக்கமாகப் பிரித்து பில்லியன், டிரில்லியன் என்று நோனில்லியன்வரை பெயர்களை வரிசையாக வைத்தார். அவருடைய பில்லியன் 10¹². அடுக்கை உலகம் மறந்தது, பில்லியனைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் பில்லியன் 10⁹ என்றார்கள், பிரிட்டனில் 10¹² என்றார்கள். 1974-ல்தான் பிரிட்டிஷ் அரசு விட்டுக்கொடுத்து 10⁹ பக்கம் வந்தது. ஒரே பெயர், ஆயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டு நாட்டு நிதியமைச்சர்களும் சிரித்துக்கொண்டே கைகுலுக்கியிருக்கிறார்கள்.

ஷூக்கேயின் புத்தகம் அச்சேறவில்லை. அவர் போனபிறகு பிரதி எஸ்தியென் தெ லா ரோஷ் என்பவர் கைக்குப் போயிற்று. 1520-ல் லா ரோஷ் ஒரு கணக்குப் புத்தகம் வெளியிட்டார். நிறையப் பகுதிகள் ஷூக்கேயுடையவை. திருடினாலும் பரவாயில்லை, நல்லதைப் பார்த்துத் திருடியிருக்கலாம். இயற்கணிதத்தின் அருமையான இடங்கள் பலவற்றை விட்டுவிட்டார். மூலப்பிரதி அச்சில் வந்தது 1880-ல். அதற்குள் பள்ளிப்பிள்ளைகளே அடுக்கு எழுத ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்தவர்தான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தவர். மிக்கேல் ஷ்டீஃபெல். ஜெர்மானியர், துறவி, மடத்தைவிட்டு ஓடிவந்து மார்ட்டின் லூதரிடம் சேர்ந்தார். கணக்கு அவருக்கு முதலில் பைபிளுக்குத்தான் உதவியது. போப் பத்தாம் லியோவின் பெயரை லத்தீனில் எழுதி, அதிலுள்ள ரோமன் எண்ணெழுத்துகளைக் கூட்டினார். 1656 வந்தது. பெயரில் பத்து எழுத்து இருக்கிறதே என்று பத்தைச் சேர்த்தார். 1666. ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்து மர்மத்தைக் குறிக்கிறது என்று அதை எடுத்துவிட்டார். 666! வேதாகமம் சொல்லும் மிருகத்தின் எண். இப்படிக் கூட்டவும் கழிக்கவும் அனுமதி இருந்தால் பக்கத்துவீட்டு நாய்க்குட்டிக்கும் 666 வரவைக்கலாம்.

லூதர் அவருக்கு லோகாவ் என்ற ஊரில் ஒரு சபையைப் பிடித்துக்கொடுத்தார், முந்தைய போதகரின் விதவையைக் கல்யாணமும் செய்துவைத்தார். வீடு, வேலை, குடும்பம் எல்லாம் அமைந்தது. இனி என்ன? உலகம் அழியவேண்டியதுதான். 1533, அக்டோபர் 19, காலை எட்டு மணி என்று கணக்குப் போட்டு அறிவித்தார். இப்படி மணிவாரியாகச் சொன்னால் ஜனங்கள் நம்பாமல் இருப்பார்களா? குடியானவர்கள் வேலையை விட்டார்கள். கையிலிருந்ததைத் தின்று தீர்த்தார்கள். எட்டு மணி வந்தது. ஒன்பதும் வந்தது. அடுத்த போக விதைநெல்லுக்கு யாரைக் கேட்பது என்ற கேள்வி எல்லோர் மனசிலும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கவேண்டும். அவரைப் பிடித்து விட்டன்பர்க்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். வேலை போயிற்று. லூதர் இதை ஒரு சின்னச் சோதனை என்று சொல்லிக் கொஞ்சகாலம் கழித்து ஹோல்ட்ஸ்டார்ஃபில் வேறு வேலை வாங்கிக்கொடுத்தார். இனிமேல் ஆருடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த ஷ்டீஃபெல், வேறு வழியில்லாமல் ஒழுங்கான கணக்குப் போட ஆரம்பித்தார்.

1544-ல் நூரம்பர்கில் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு சின்ன அட்டவணை. மேல்வரியில் −3, −2, −1, 0, 1, 2, 3 என்று 6 வரை. கீழ்வரியில் 1/8, 1/4, 1/2, 1, 2, 4, 8 என்று 64 வரை. மேல்வரி எண்களுக்கு எக்ஸ்போனென்ட் என்று இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகிற பெயரை வைத்தவர் இவர்தான். இந்த அட்டவணையை இடதுபக்கமாக நடந்து பாருங்கள். மேலே ஒன்று ஒன்றாகக் குறையும், கீழே பாதி பாதியாகும். 8, 4, 2. அடுத்த பாதி என்ன? 1. அப்போது மேலே இருப்பது 0. இன்னும் ஒரு எட்டு வைத்தால் கீழே 1/2, மேலே −1. “எதையும் பெருக்கவே இல்லை, பிறகு எப்படி சார் ஒன்று வரும்?” என்று கேட்கிற பிள்ளைக்கு இந்த இரண்டு வரி போதும். எந்த விதியும் யாருடைய ஆணையும் இல்லை. நடந்துகொண்டே வந்தால் வழியில் அது நிற்கிறது. கட்டம் கட்டி விதியை அச்சடிப்பவர்கள் இந்த அட்டவணையை அதற்குப் பக்கத்தில் போட்டிருந்தால், எத்தனையோ பேர் கணக்கைவிட்டு ஓடியிருக்கமாட்டார்கள்.

ஷ்டீஃபெலுக்கே தன் அட்டவணையைப் பார்த்து மயக்கம் வந்திருக்கிறது. இந்த எண்களின் அதிசயங்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போய்விடுகிறேன் என்கிற பொருளில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். காலை எட்டு மணிக்கு உலகம் அழியும் என்று துணிந்து சொன்னவர், சரியாக இருந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அவர் எழுதாமல் விட்ட அந்தப் புத்தகம் எழுபது வருஷம் கழித்து, 1614-ல், மடக்கை அட்டவணையாக ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. எழுதியவர் ஜான் நேப்பியர். பெருக்கலைக் கூட்டலாக்கும் அதே தந்திரம். கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டிய தலைமுறைக்குச் சொல்லவேண்டியதில்லை. நேப்பியரும் உலக அழிவுக்குத் தேதி குறித்தவர்தான். ஆனால் விவரமானவர். 1593-ல் வந்த புத்தகத்தில், அழிவு 1688-லோ 1700-க்குள்ளோ வரும் என்று எழுதினார். பொய்த்தால் கேட்கவரும் குடியானவனுக்கு அவர் கல்லறையைத்தான் காட்டமுடியும்.

இங்கிலாந்தில் இன்னொரு மருத்துவர். வேல்ஸில் டென்பி ஊரில் பிறந்த ராபர்ட் ரெக்கார்ட். 1557-ல் இவர் எழுதிய புத்தகத்தில்தான் சமக்குறி பிறந்தது. இரண்டு இணைகோடுகளைவிடச் சமமாக வேறென்ன இருக்கமுடியும் என்பது அவர் சொன்ன நியாயம். ஒரு முழு வாக்கியத்தை இரண்டு கோட்டில் அடக்கிய இதே சிக்கன மனிதர், அடுக்குகளுக்கு வந்ததும் என்ன செய்தார்? இரண்டாம் அடுக்கு ஜென்ஸிக். மூன்றாவது க்யூபிக். நாலாவது ஜென்ஸிஜென்ஸிக். எட்டாவது ஜென்ஸிஜென்ஸிஜென்ஸிக். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் அந்தக் கடைசி ஆங்கில எழுத்து இத்தனை இருந்ததா என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். ஆறு என்றால் இரண்டையும் மூன்றையும் சேர்த்து ஒப்பேற்றலாம். ஐந்துக்கு? பகா எண்ணாயிற்றே. அதற்கு ஸர்ஸாலிட் என்று புதிதாக ஒன்று. ஏழுக்கு இரண்டாம் ஸர்ஸாலிட். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் எப்போதோ நிரூபித்துவிட்டார். அதாவது இந்த ஏற்பாட்டில் ஸர்ஸாலிட்களுக்கும் முடிவில்லை. எட்டு என்று ஒரு பொடி எண்ணைத் தூக்கிவைத்தால் தீர்ந்தது. ஜெர்மானியர்கள் வைத்த பெயர், ஊரெல்லாம் சொல்கிற பெயர் என்று விடமாட்டேன் என்றார்.

ரெக்கார்டுக்கு வாழ்க்கையிலும் இதே பிடிவாதம். அயர்லாந்தில் அரசாங்கச் சுரங்கங்களையும் நாணயச்சாலையையும் மேற்பார்வை பார்த்தவர், செல்வாக்குள்ள பெம்புரோக் பிரபு மேல் ஊழல் புகார் கொடுத்தார். பிரபு மானநஷ்ட வழக்குப் போட்டார். நஷ்ட ஈடு ஆயிரம் பவுண்டு. கட்டமுடியவில்லை. 1558-ல் லண்டன் சிறையில் இறந்தார். ஆயிரம் பவுண்டு என்பது வெறும் மூன்று பூஜ்ஜியம்தான்.

இவர்கள் எல்லோரையும் தடுத்தது சோம்பேறித்தனம் இல்லை, பயம். ஒரு நீளத்தை அதே நீளத்தால் பெருக்கினால் சதுரம். இன்னொரு தடவை பெருக்கினால் கனசதுரம். அதற்கு மேலும் ஒரு தடவை பெருக்கினால் அதை வைக்க இடம் எங்கே? உலகத்தில் மூன்று பக்கம்தானே இருக்கிறது? ஃபிரான்ஸின் வியெத் 1591-ல் எழுத்துகளை வைத்து இயற்கணிதம் எழுதிப் புரட்சி செய்தார். ஆனால் சதுரத்தோடு கோட்டைக் கூட்டக்கூடாது, சாதி வேறு என்று கண்டிப்பாக இருந்தார். அடுக்குகளைச் சதுரம், கனம், சதுரச்சதுரம் என்று சொற்களாகவே எழுதினார்.

அந்த வேலியைப் பிரித்துப்போட்டவர் ரெனே தெக்கார்த். மதியம் வரைக்கும் படுக்கையைவிட்டு எழாதவர். எழுதுவதைச் சுருக்க இதைவிடத் தகுதியான ஆள் கிடையாது. 1637-ல் லைடன் நகரில் வெளியான தன் வடிவியல் நூலின் ஆரம்பத்திலேயே, ஒரு அலகு நீளத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் கோட்டைக் கோட்டால் பெருக்கி வருவதும் இன்னொரு கோடுதான் என்று காட்டினார். சதுரம் என்று பயப்படவேண்டாம், அது ஒரு நீளம், அவ்வளவே. பிறகு நாலாவது, ஐந்தாவது, நூறாவது அடுக்கு எல்லாம் சும்மா எண்ணிக்கை. அதைத் தோளில் பொடியாக எழுதினார். முந்தின வருஷம் பாரிஸில் ஜேம்ஸ் ஹ்யூம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதையே ரோமன் எண்களில் எழுதியிருந்தார். ரோமன் எண்களை அவ்வளவு பொடியாக எழுதினால் கண்தான் போகும். தெக்கார்த்தின் ஏற்பாடு நின்றது. ஐந்து மணிக்கே பாடம் வேண்டும் என்று ஸ்வீடன் அரசி கிறிஸ்டினா கூப்பிட்டு, விடியற்காலைக் குளிரில் எழுந்து போன தெக்கார்த் 1650-ல் நிமோனியாவில் இறந்ததைக் கணித ஆசிரியர்கள் வகுப்பில் சொல்வதில்லை. சொன்னால் ஸ்பெஷல் கிளாஸுக்கு யாரும் வரமாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மூன்றாம் அடுக்கிலிருந்து மேலே பொடி எண் போட்ட தெக்கார்த், இரண்டாம் அடுக்குக்குப் பெரும்பாலும் எழுத்தை இரண்டு தடவை எழுதுவதோடு விட்டுவிட்டார். இருநூறு வருஷம் கழித்து கணித இளவரசர் காவுஸும் அப்படியே செய்தார். இரண்டு எழுத்துக்கும், ஓர் எழுத்தும் ஒரு பொடி எண்ணும் சேர்ந்ததற்கும் காகிதத்தில் அதே இடம்தானே ஆகிறது என்பது காரணம். நியாயம்தான். நம் பிள்ளைகள் பரீட்சையில் இந்த நியாயத்தைப் பேசிப் பார்க்கட்டும்.

குறை அடுக்கும் பின்ன அடுக்கும் ஒழுங்காகக் குடியேற இங்கிலாந்தின் வாலிஸும் நியூட்டனும் தேவைப்பட்டார்கள். 1676-ல் லைப்னிட்ஸுக்குப் போய்ச் சேர்ந்த கடிதத்தில் நியூட்டன் அரை அடுக்கு என்றால் வர்க்கமூலம், குறை ஒன்று என்றால் தலைகீழ் என்று பொறுமையாக விளக்கினார். இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்ட காலம் அது. அப்புறம் நடந்த சண்டை தனிப் புராணம்.

பத்தின் அடுக்கில் எல்லாவற்றையும் எழுதுகிற வழக்கம் பள்ளிக்கு வந்ததற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியல்காரர்கள்தான் பொறுப்பு. அணுவையும் மின்சாரத்தையும் அளக்க ஆரம்பித்தவர்களுக்குத் தசமப்புள்ளிக்கு இரண்டு பக்கமும் பூஜ்ஜியம் மொய்த்தது. ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர், அதை 2.998 × 10⁸ என்று எழுதினால் போதும். முன்னால் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண், பின்னால் எத்தனை இடம் தள்ளவேண்டும் என்ற தகவல். எலக்ட்ரானின் நிறை 9.109 × 10⁻³¹ கிலோகிராம். இதை நீட்டி எழுதினால், 9 வருவதற்குள் புள்ளிக்குப் பின் முப்பது பூஜ்ஜியம் போடவேண்டும். முப்பதா முப்பத்தொன்றா என்று சரிபார்க்க இன்னொரு ஆளும் வேண்டும். 1873-ல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் அலகுக் குழு இந்த முறையை ஏற்றுக்கொண்டது. உடனே பழைய வியாதி. ஸ்டோனி என்ற அயர்லாந்து அறிஞரின் யோசனைப்படி, 10⁹ கிராமைக் ‘கிராம்-ஒன்பது’ என்றும், 10⁻⁹ கிராமை ‘ஒன்பதாம்-கிராம்’ என்றும் சொல்லலாம் என்றார்கள். மளிகைக் கடையில் நாக்குப் பிறழ்ந்தால் 10¹⁸ மடங்கு வித்தியாசம். நல்லவேளை, அது நிலைக்கவில்லை. எலக்ட்ரானுக்கு அந்தப் பெயரை வைத்தவரும் இதே ஸ்டோனிதான். அது மட்டும் தப்பிப் பிழைத்தது.

பொறியாளர்களுக்கு அடுக்கு உடம்போடு ஒட்டியது ஸ்லைடு ரூலால். அந்தக் கோலில் இரண்டையும் மூன்றையும் பெருக்கினாலும், இருபதையும் முந்நூறையும் பெருக்கினாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஆறு என்று காட்டும். ஆறா, ஆறாயிரமா என்பதை நீயே மனசில் வைத்துக்கொள் என்று விட்டுவிடும். பாலம் கட்டுகிறவர் பத்தின் அடுக்கைத் தனியாகக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். ஒரு பூஜ்ஜியத்தை மறந்தால் ஆற்றில்தான் தெரியும். 1972-ல் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் எச்.பி-35 என்ற கால்குலேட்டரைச் சட்டைப்பைக்குள் அடக்கி 395 டாலருக்கு விற்றது. 10⁻⁹⁹-லிருந்து 10⁹⁹ வரைக்கும் அதுவே அடுக்கைப் பார்த்துக்கொண்டது. மனசு ஓய்வெடுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

வசதி வந்தபிறகும் சிலர் உபயோகிக்க மறுத்தார்கள். ஆர்தர் எடிங்டன், கேம்பிரிட்ஜ் பேராசிரியர். சென்னை பிரசிடென்சிக் கல்லூரியிலிருந்து போன வானியல் ஆய்வாளர் சந்திரசேகரை 1935-ல் அறிஞர் சபையில் வைத்துக் கேலி செய்த அதே எடிங்டன்தான். பிரபஞ்சத்தில் மொத்தம் எத்தனை புரோட்டான் என்று சொல்லிவிட்டார். மதிப்பீடு இல்லை, துல்லியமாக. 136 × 2²⁵⁶. இப்படி எழுதினால் ஒரு விரலளவு இடம் போதும். அட்லாண்டிக்கில் கப்பலில் போகும்போது உட்கார்ந்து கையாலேயே பெருக்கி, 15,747,724,136 என்று தொடங்கி 296 என்று முடிகிற 80 இலக்கத்தையும் புத்தகத்தில் அச்சிட்டார். ஆர்க்கிமிடீஸாவது மணல் இதற்கு மேல் போகாது என்றார். இவர் ஒரு புரோட்டான்கூடத் தவறாமல் ஆஜர் எடுத்தார். அந்த 136-ஐயும் முதலில் வேறொரு கணக்குக்காகக் கொண்டுவந்து, சோதனைகள் 137 பக்கம் சாய்ந்ததும் ஒன்றைக் கூட்டிக்கொண்டவர். ‘சர் ஆர்தர் ஆடிங்-ஒன்’ என்று அவர் பெயரையே திரித்துக் கேலி செய்தார்கள்.

நியூயார்க்கில் எட்வர்ட் காஸ்னர் என்ற கணிதப் பேராசிரியர் 10¹⁰⁰-க்குப் பெயர் வைக்கத் தன் சகோதரியின் ஒன்பது வயது மகனைக் கூப்பிட்டார். பையன் ‘கூகோல்’ என்றான். ஒன்பது வயதுக்காரனிடம் கேட்டது இந்தக் கதையிலேயே நேர்மையான முடிவு. மற்றவர்களும் அந்த வயசுக்காரர்கள் செய்கிற வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அதைவிடப் பெரியதாகக் கூகோல்பிளெக்ஸ் என்று ஒன்றும் சொன்னான்: ஒன்று போட்டு, கை ஓய்கிறவரை பூஜ்ஜியம் போடு. காஸ்னர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஆள் கை ஓயும் நேரம் வேறு. தாக்குப்பிடிக்கிற சக்தி அதிகம் என்பதற்காகக் குத்துச்சண்டைக்காரர் கார்னேரா ஐன்ஸ்டீனைவிடப் பெரிய கணித மேதை ஆகிவிடக்கூடாது என்று 1940-ல் வந்த புத்தகத்தில் விளக்கம் சொல்லி, பூஜ்ஜியங்களின் எண்ணிக்கையை ஒரு கூகோல் என்று நிறுத்தினார்.

கை ஓய்கிறவரை பூஜ்ஜியம் போடுகிற வேலையை ஆறு வருஷத்தில் ஓர் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. ஹங்கேரி, 1946. போருக்குப் பிறகு பெங்கோ நாணயம் சரிந்த வேகத்தில் நோட்டில் இடம் போதவில்லை. மில்லியன் பெங்கோவுக்கு ‘மில்பெங்கோ’ என்று பெயர் வைத்தார்கள். அதுவும் சில்லறையானதும் ‘பி.-பெங்கோ’. அந்தப் ‘பி’, லியோன் நகரத்து ஷூக்கேயின் பில்லியன். அவர் சொன்ன அதே 10¹². ஜூலையில் வந்த மிகப் பெரிய நோட்டில் ‘நூறு மில்லியன் பி.-பெங்கோ’ என்று எழுத்தால் போட்டிருந்தார்கள், மதிப்பு 10²⁰. அதற்கு அடுத்த 10²¹ நோட்டையும் அச்சடித்து அடுக்கிவைத்திருந்தார்கள், வெளியே விடுவதற்குள் பெங்கோவுக்கே ஆயுசு முடிந்துவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதி ஃபோரின்ட் என்ற புது நாணயம் வந்தது. ஒரு ஃபோரின்டுக்கு 4 × 10²⁹ பெங்கோ. அந்த 10²⁰ நோட்டைச் சேர்த்துவைத்திருந்தவர் ஒரு ஃபோரின்ட் வாங்க அடுக்குகளைக் கழித்துப் பார்த்திருந்தால், நானூறு கோடி நோட்டுகளை எண்ணிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கவேண்டும்.